ஊருணியில் மீன் செத்தால் முதலில் எந்த மீன் என்று பாருங்கள்

செட்டிநாட்டு ஊருணி, கண்மாய், வளவு (வீட்டு நடுமுற்றம்) பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

காரைக்குடி: அண்ணே, எங்க ஊருணியில நேத்து விடியக்காலம் மீன் செத்து மிதந்துச்சு. யாரோ மருந்து கலந்துட்டாங்கன்னு ஊரே பேசுது. உண்மையா?

செத்தது எந்த மீன் என்று பாருங்கள். கட்லா, ரோகு மட்டும் செத்து, விரால் உயிரோடு இருந்தால் அது மூச்சுமுட்டல். விரால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும், அதனால் தாங்கிவிடும். விராலும் தலைப்பிரட்டையும் நீர்ப்பூச்சிகளும் சேர்ந்தே செத்திருந்தால்தான் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும்.

மூச்சுமுட்டல் எப்படி வருகிறது? பச்சைப் பாசி பகலில் வெயிலை வைத்து ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். ஆகவே விடியும் நேரத்தில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. முந்தைய நாள் மூடாப்பாக இருந்திருந்தால் பகல் சேமிப்பும் இருக்காது. வெப்பமும் ஒரு காரணம்: 20 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். 3-க்குக் கீழே போனால் கட்லா, ரோகு போன்ற கெண்டை வகைகள் வாயைப் பிளக்கும்.

உடனே செய்ய வேண்டியது: தீவனத்தை நிறுத்துங்கள். இரவு 2 மணி முதல் வெயில் ஏறும்வரை மோட்டார் வைத்து அதே தண்ணீரை உயரத்திலிருந்து பீய்ச்சி விடுங்கள். மயில்துத்தம் மட்டும் போடாதீர்கள். பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போய்விடும். மிதக்கும் பாசியைப் பழைய சேலையால் இரண்டு பேர் இழுத்து அள்ளலாம். ஆனால் கரையிலேயே குவித்தால் அடுத்த மழை திரும்ப உள்ளே கொண்டுவரும். வரத்துக்காலில் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் கலப்பதை அடைக்காமல் இதெல்லாம் ஒரு மாதம்தான் தாங்கும்.

பள்ளத்தூர்: எங்க ஊருணி எப்பவும் செங்காவியாவே கிடக்குது, பாசியும் பிடிக்கல. நல்லதா?

நுண்ணிய களிமண் படியாமல் மிதப்பதால் வெளிச்சம் உள்ளே போகவில்லை, பாசிக்கு வழியில்லை. மாடு இறங்கிக் கலக்குவதும் அடிமண்ணைக் கிளறும் சாதாக் கெண்டையும் இதைப் பெருக்கும். குடத்துத் தண்ணீரைத் தெளியவைக்க, தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரசிவிட்டு ஊற்றி வையுங்கள். ஊருணிக்கு அது கட்டுபடியாகாது.

திருப்பத்தூர்: கண்மாயில சீமைக்கருவேலை வெட்டினோம், மறுபடி துளிர்க்குது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துல மட்டும் கருவேலை விட்டுவெச்சிருக்காங்களே, ஏன்?

அது நாட்டுக்கருவேல். பூவைப் பாருங்கள்: நாட்டுக்கருவேல் மஞ்சள் உருண்டை, சீமைக்கருவேல் கதிர்போல நீளம். தண்ணீர் நடுவே நிற்கும் நாட்டுக்கருவேலில் கொக்கும் நாரையும் கூடு கட்டும், அடியில் தண்ணீர் நிற்பதால் நாய் நெருங்காது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் மரம் இருந்தும் பறவை தங்காது. பறவை வந்துவிட்டாலோ, எச்சத்தால் நீரின் உரச்சத்தே மாறிவிடும். பாசன வயலுக்கு அது லாபம்.

உங்கள் கண்மாய்க்கு: துளிர் வேர்க்கழுத்தின் மொட்டிலிருந்து வருகிறது. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது தரைக்குக் கீழே ஓரடி தோண்டி வேரோடு எடுங்கள். காய் பழுக்கும் முன் முடியுங்கள், ஆடு மாடு தின்றால் சாணத்தோடு விதை ஊரெல்லாம் பரவும். கரைமேல் நிற்பதை ஒரே நாளில் பிடுங்கினால் கரை கரையும். பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே பனங்கொட்டையைப் பத்தடிக்கு ஒன்றாக நடுங்கள்.

தேவகோட்டை, பத்தாம் வகுப்பு: மண் உயிருள்ள காரணியா, உயிரற்றதா, சார்?

தேர்வில் உயிரற்றது என்றே எழுது தம்பி. ஆனால் ஒரு கைப்பிடி செம்மண்ணில் மணல், நீர், காற்றோடு இலைமக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரும் இருக்கின்றன. மக்கு நீங்கினால் அதே மண் காரைத்தரை மாதிரி இறுகும்.

கானாடுகாத்தான்: வளவுல மழைத்தண்ணி பிடிக்கிறோம். மூடின தொட்டி பச்சை ஆகல, ஆனா கொசுப்புழு வருதே?

இருட்டில் பாசி வளராது, கொசுவுக்கு இருட்டு தடையில்லை. ஒரு விரல் இடுக்கு போதும். மூடி, குழாய்வாய் இரண்டிலும் நுண்வலை கட்டுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும், எனவே சிறு பாத்திரங்களை வாரம் ஒருமுறை காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசுவின் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும்.