இரண்டே எழுத்து, எந்த நோய்?

கேள்வி: அம்மாவின் பழைய மருத்துவக் கோப்பைப் புரட்டியபோது ஒரு தாளில் ‘எம்.எஸ்.’ என்று மட்டும் எழுதியிருந்தது. கீழே, 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி என்று குறிப்பு. இணையத்தில் தேடினால் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய் என்கிறார்கள். பயந்துபோய் மேலும் தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதுதான் சரி? இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் இதழில் ஒவ்வொரு சுருக்கப் பெயரையும் விரித்து எழுதிப் பக்கத்தை அடைக்கிறீர்கள். இடம் பார்த்துப் பொருள் புரிந்துகொள்ள எங்களுக்குத் தெரியாதா?

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் பாதிதான் இரண்டாம் பாதிக்குப் பதில். நீங்கள் பார்த்த இடம் மருத்துவக் கோப்பு. அதைவிடத் தெளிவான இடம் ஏது? அங்கேயே பொருள் பிடிபடவில்லை. அது உங்கள் குறை இல்லை, எழுதியவரின் குறை.

துறைக்குத் துறை பொருள் மாறுவதால் பெரிய தொல்லை வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பட்டறையில் எம்.எஸ். பைப் என்றால் மைல்டு ஸ்டீல். கணினிக்காரருக்கு மைக்ரோசாஃப்ட். பழைய நூல்களைப் பதிப்பிப்பவருக்குக் கையெழுத்துப் பிரதி. வேதியியல் ஆய்வகத்தில் அது மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் முறை. கப்பலின் பெயருக்கு முன்னால் வந்தால் மோட்டார் ஷிப். மருத்துவர் பெயருக்குப் பின்னால் வந்தால் அறுவை சிகிச்சைப் பட்டம். சங்கீதம் கேட்பவர்களுக்கு சுப்புலட்சுமியைத் தவிர வேறு எம்.எஸ். கிடையாது. இவற்றில் ஒன்றை மற்றொன்றாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

அப்படியும் சில சமயம் வழக்குவரை போயிருக்கிறது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற மூன்றெழுத்தை 1961-இல் தொடங்கிய வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பும் வைத்திருந்தது, அமெரிக்க மல்யுத்த நிறுவனமும் வைத்திருந்தது. பாண்டாவையும் மல்யுத்த வீரரையும் குழப்பிக்கொள்ளும் ஆள் யாரும் இருக்க முடியாது. ஆனாலும் 1994-இல் ஒப்பந்தம், 2001-இல் இங்கிலாந்து நீதிமன்றத் தீர்ப்பு என்று போய், 2002-இல் மல்யுத்த நிறுவனம்தான் பெயரை டபிள்யூ.டபிள்யூ.இ. என்று மாற்றிக்கொண்டது.

அதெல்லாம் உரிமைச் சண்டை. என் கவலை வேறு. ஒரே துறைக்குள், ஒரே கட்டடத்துக்குள், ஒரே தாளில் இரண்டு பொருள் மோதும்போது என்ன ஆகும்? இதய மருத்துவர் எம்.எஸ். என்று எழுதினால் மைட்ரல் ஸ்டெனோசிஸ்: இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு சுருங்கிப்போவது. நரம்பியல் மருத்துவர் எழுதினால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பிழைகளின் மேலுறையை அரிப்பது. இரண்டும் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுபவை. இரண்டிலும் நோயாளி சொல்லும் புகார்களில் களைப்பு உண்டு. களைப்போடு வந்த ஒரு பெண்ணின் தாளில் எம்.எஸ். என்று இருந்தால், எந்த இடத்தைப் பார்த்து எந்தப் பொருளைத் தெரிந்துகொள்வது?

மருந்துச் சீட்டில் இது இன்னும் மோசம். அங்கே எம்.எஸ். என்பது மார்ஃபின் சல்ஃபேட்டாக இருக்கலாம், மக்னீசியம் சல்ஃபேட்டாகவும் இருக்கலாம். முன்னது கடும் வலிக்கு. பின்னது, கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றி வலிப்பு வராமல் தடுக்க. இரண்டையும் ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். இரண்டும் அளவு மீறினால் மூச்சை அடக்கும். ஆனால் முன்னதற்கு மாற்று மருந்து நலாக்சோன், பின்னதற்கு கால்சியம் குளுக்கோனேட். மார்ஃபினை மில்லிகிராம் கணக்கில் கொடுப்பார்கள், மக்னீசியத்தை கிராம் கணக்கில். ஆயிரம் மடங்கு இடைவெளி உள்ள இரண்டு மருந்துகள் ஒரே இரண்டெழுத்தில் ஒளிந்துகொண்டிருந்தன. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், பயன்படுத்தவே கூடாத சுருக்கங்கள் என்று 2004-இல் ஒரு பட்டியல் போட்டது. இந்த எம்.எஸ். அதில் இருக்கிறது. யூனிட் என்பதற்குப் பதிலாக எழுதும் ஆங்கில ‘யு’ எழுத்தும் இருக்கிறது. ஏன் தெரியுமா? 4-ஐ அடுத்து அவசரமாக எழுதிய ‘யு’, மேல்வாய் மூடிக்கொண்டால் பூஜ்யம். 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். இதையெல்லாம் படித்துத் தேர்ந்தவர்களுக்காகப் போட்ட தடை அது. இடம் பார்த்துப் புரிந்துகொள்வதில் நம்மைவிடப் பழகியவர்களே தவறினார்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். எனக்கு இதுதான் ஆறாத விஷயம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடாவது கைகொடுக்கும். இரண்டும் சிறியதானால் மில்லிசெகண்டு. முதலாவது சிறிது, அடுத்தது பெரிது என்றால் மில்லிசீமென்ஸ். நீரின் உப்புத்தன்மையை மின்கடத்தும் திறனால் அளக்கும்போது வரும் அலகு. அதையே திருப்பிப் போட்டால் மெகாசெகண்டு, அதாவது பத்து லட்சம் வினாடி, பதினொன்றரை நாளுக்குச் சற்று மேல். தமிழில் எழுதும்போது நாம் எழுதுவது அந்த எழுத்துகளை அல்ல, அவற்றின் பெயர்களை. எம் என்பதில் பெரிய எம், சிறிய எம் கிடையாது. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கும் பதினொன்றரை நாளும் நம் பக்கத்தில் ஒரே எம்.எஸ். ஆகிவிடுகின்றன. ஆங்கில இதழுக்கு இருக்கும் சலுகை தமிழ் இதழுக்கு இல்லை. ஆகவே நாம்தான் அவர்களைவிடக் கூடுதலாக விரித்து எழுத வேண்டும். சுருக்கி எழுதுவதே தவறு என்று சொல்லவில்லை. நம் பழைய கணக்கேடுகளில் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி இருந்தது. ௵ என்று கண்டால் வருடம்தான், வேறெதுவும் இல்லை. சுருக்கம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இதயநோய் பற்றி அனுபவமுள்ள மருத்துவர் ஒருவர் கட்டுரை அனுப்பியிருந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எம்.எஸ்., எம்.எஸ். என்றே இருந்தது. பக்கம் கட்டும்போது ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி தேவைப்பட, துணையாசிரியர் ஒருவர் அக்கறையோடு தகவல் திரட்டி எழுதிக் கொடுத்தார். அத்தனையும் நரம்பு நோயைப் பற்றியது. நானும் படித்தேன், எழுத்துப் பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புத் திருத்துபவர் மட்டும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “வால்வு சுருங்கினால் கண் பார்வை ஏன் மங்குகிறது?” அந்தப் பென்சில் வரி இல்லாவிட்டால், வால்வு நோய் உள்ளவர்கள் எத்தனை பேர் அந்தப் பெட்டியைப் படித்துவிட்டுத் தங்கள் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருப்பார்களோ தெரியாது. முதல் தடவை முழுப்பெயர் எழுதாமல் எந்தச் சுருக்கமும் இங்கே அச்சேறாது என்று அன்று வைத்த விதிதான், இன்று உங்களுக்கு இடத்தை அடைப்பதாகத் தெரிகிறது. அடைக்கத்தான் செய்கிறது. மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்று எழுத அரை வரி போகும். போகட்டும்.

இப்போது உங்கள் அம்மாவின் தாள். இணையப் பட்டியல் உங்களுக்கு இருபது விடை கொடுத்தது. உங்களுக்கு வேண்டியது ஒன்று. அந்தப் பெனிசிலின் வரிதான் துப்பு. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுவது, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வந்து இதய வால்வை மேலும் கெடுக்காமல் இருக்க. வால்வு சுருங்குவதற்கு மிகப் பெரும்பாலும் அந்தக் காய்ச்சல்தான் காரணம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குப் பெனிசிலின் மருந்தில்லை. ஆகவே அது மைட்ரல் ஸ்டெனோசிஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இது பத்திரிகை ஆசிரியரின் ஊகம், மருத்துவரின் தீர்ப்பு இல்லை. கோப்பில் எக்கோ பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். நல்ல நிலையில் உள்ள மைட்ரல் வால்வின் திறப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். சுருக்கம் இருந்தால் அந்த எண் குறைந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு அம்மாவை இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நோயின் பெயரை ஓர் எழுத்துக்கூட விடாமல் முழுதாக எழுதி, தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். புதியதை அதன் மேல் வைத்துப் பின் குத்தி, கோப்பின் முதல் தாளாக வையுங்கள்.