இரும்புச் சட்டியில் கறுத்துப்போன கொய்யா இலைக் கஷாயம்

கேள்வி: எங்கள் கொல்லையில் கொய்யா மரம் நிற்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கொழுந்தைப் பறித்து இரும்புச் சட்டியில் கொதிக்க வைத்தேன், தண்ணீர் மை மாதிரி கறுத்துவிட்டது. பயந்து கீழே ஊற்றிவிட்டேன். அது விஷமா? கொதிக்க வைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்றும் சொல்கிறார்களே?
– வாசகி, ஆயக்குடி

பதில்: விஷம் இல்லை, பயப்படாதீர்கள். மை மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள், அது உண்மையிலேயே மைதான். கொய்யாக் கொழுந்தை மென்றால் நாக்கை இழுத்துப் பிடிக்கிற மாதிரி துவர்க்கும் இல்லையா, இலையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்வதால் வருகிற துவர்ப்பு அது. அதே டானின் இரும்பைக் கண்டாலும் விடாது, ஒட்டிக்கொண்டு கருநீலமாகிவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும், கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதனால்தான். அடுத்த தடவை மண்சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ வையுங்கள், போதும்.

ஆனால் அந்தக் கறுப்பை மறந்துவிடாதீர்கள். சட்டியில் நடந்ததுதான் வயிற்றிலும் நடக்கும். வீட்டில் யாராவது ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால், அதோடு சேர்த்து இந்தக் கஷாயத்தைக் கொடுக்கவே கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இரும்பை டானின் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேராது.

அப்புறம் கொதிக்க வைப்பது பற்றி. வைட்டமின் சி சூட்டில் அழியும், அது சரி. ஆனால் குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரச் சத்துகள் இலைக்குள் சர்க்கரை மூலக்கூறோடு இணைந்து இருப்பவை, அவ்வளவு சீக்கிரம் சிதையாது, கொதிக்கும்போது தண்ணீரில் இறங்கிவிடும். அதனால்தான் நம் ஆட்கள் இலையை வடித்துவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

சர்க்கரைக்குக் கேட்குமா என்றால், ஓரளவு. சோற்றில் உள்ள மாவுச்சத்தைக் குடலில் உடைக்கிற நொதிகளை இந்த இலையின் பாலிஃபீனால்கள் (டானினும் ஃபிளேவனாய்டும் சேர்ந்த கூட்டம்) மந்தப்படுத்துகின்றன, அதனால் சாப்பிட்ட பின் சர்க்கரை சட்டென்று ஏறாமல் மெதுவாக ஏறுகிறது. ஜப்பானில் 2000-ஆம் ஆண்டிலேயே கொய்யா இலைத் தேநீருக்கு இந்தக் காரணத்துக்காக அரசு அங்கீகாரம் கொடுத்தார்கள். வேலை நடப்பது குடலில், அதுவும் சாப்பாடு உள்ளே இருக்கும்போது. ஆகவே விடியற்காலை வெறும் வயிற்றில் குடிப்பதைவிடச் சாப்பாட்டோடு குடிப்பதில்தான் பொருள் இருக்கிறது.

தயவுசெய்து அப்பாவின் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இலையை நம்பி மாத்திரையை விட்டுவிட்டு, காலில் ஆறாத புண்ணோடு வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் மனசு தாங்குவதில்லை. இன்சுலின் போடுகிறவர் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள், சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கினால் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும்.

கேள்வி: மருந்துக்கு இலை பறிக்கும்போது வெயில் பக்கத்துக் கிளை நல்லதா, நிழல் பக்கமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: வெயில் பக்கம். ஃபிளேவனாய்டு இலைக்குக் குடை மாதிரி, மேல்தோலில் இருந்துகொண்டு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. வெயில் அதிகம் பட்டால் இலை அதை அதிகமாகத் தயாரித்துக்கொள்ளும். மாங்கொழுந்தும் வேப்பங்கொழுந்தும் செம்பு நிறத்தில் பளபளவென்று துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்தச் சிவப்பைத் தரும் ஆந்தோசயனினும் இதே குடும்பம்தான்.

பறித்ததும் பரப்பி நிழலில் காய வையுங்கள். ஈரத்தோடு குவித்து வைத்தால் இலையின் நொதியே இவற்றைப் பழுப்பாக்கிவிடும். பூச்சிமருந்து அடித்த தோப்பு என்றால் அந்த இலையே வேண்டாம்.