ராகம் தெரியாமல் பக்திப் பாட்டு எழுதினால் நம்பிக்கை வளருமா?

"முறையாகச் சங்கீதம் படிக்கவில்லை. எனக்காகப் பக்திப் பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். இதனால் நம்பிக்கை வளருமா, இல்லை வெறும் பொழுதுபோக்குதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ மனம் நோகப் பேசியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னையும் பேசியிருக்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வளரும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி வளராது.

நான் தையல்காரி. தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் சின்னக் கடை. பிளவுஸ் வெட்டும் மாதிரித் தாளின் ஓரத்தில்தான் பாட்டு எழுதுவேன். 2023 கிறிஸ்துமஸுக்கு ஆலயத்தில் பாட ஒரு பாட்டு தயாராக இருந்தது. "எங்களைக் காத்தீரே, நன்றி" என்று பல்லவி. நல்ல மழை, கை நிறைய வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று சரணங்கள். பாடகர் குழுவும் பழகிவிட்டது.

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நின்றுபோன நூற்றுக்கணக்கான பயணிகளைப் பற்றிச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் எங்கள் ஊர்.

தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கினால் வெட்டு மேசை வரை சேறு. உள்ளே இருந்தது முழுக்க ஊராரின் பண்டிகைத் துணி. ஒரு அரக்குப் பட்டுத்துணி சாயம் விட்டு, கீழே மடித்து வைத்திருந்த வெள்ளைக் கவுனில் இறங்கியிருந்தது. ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்குத் தைத்தது. கழுத்தைச் சுற்றி லேஸ் பிடித்து முடித்து, பித்தான் மட்டும் பாக்கி. அந்தக் குழந்தையின் பாட்டி சாயங்காலமே வந்தார். துணி என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அப்புறம்தான் சொன்னார், அவர் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்திருந்தது.

ஆலயத்தில் அவர் எனக்குப் பக்கத்து வரிசை. அவர் உட்கார்ந்திருக்க, நான் நின்று "எங்களைக் காத்தீரே" என்று பாடினால் அதற்கு என்ன அர்த்தம்? அவரைக் காக்கவில்லை என்றுதானே? பாடகர் குழுவில் சிலர், "பழகின பாட்டு, அப்படியே பாடிவிடலாம்" என்றார்கள். அவர்கள் மேல் வருத்தம் இல்லை, எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள். ஆனால் என்னால் முடியவில்லை.

பாட்டு எழுதுகிறவர்களுக்குத் தெரியும், சரணத்தை ஒரு தடவை பாடிவிட்டுக் கடந்துவிடலாம். பல்லவி அப்படி விடாது, ஒவ்வொரு சரணம் முடிந்ததும் திரும்பி வரும். சுவர் இடிந்ததைச் சரணத்தில் பாடினாலும், அடுத்து அதே பல்லவியைத்தான் பாட வேண்டும். அங்கே நிற்காத பல்லவி எனக்கு எதற்கு? பைபிளில் சங்கீதம் 136ஐ எடுத்துப் பாருங்கள், 26 வசனம். வானத்தைப் படைத்ததைச் சொன்னாலும், வனாந்தரத்தில் நடத்தியதைச் சொன்னாலும், "தாழ்வில் நினைத்தவர்" என்று சொன்னாலும், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே வரும். சின்ன வயதிலிருந்து வாசித்த சங்கீதம், எழுதினவருக்கு அது எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

கடை மோட்டார் சேற்றில் போய்விட்டதால் அம்மாவின் பழைய மிதி மெஷினை இறக்கித் தைத்துக்கொண்டிருந்தேன். அந்த மிதியின் நடையில்தான் புதுப் பல்லவி வந்தது:

விட்டுப் போகாதிரும் ஐயா – என்
வீட்டுப் படி ஏறி வெள்ளம் வந்தாலும்.

"விட்டு", "வீட்டு" என்று குறிலும் நெடிலும் எதுகை ஆகாது என்று சொல்ல இங்கேயே சிலர் வருவார்கள். தெரியும். பாடிப் பாருங்கள், காது ஏற்றுக்கொள்ளும். ராகமும் நான் வைத்ததில்லை. ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணாச்சிதான் ஆனந்தபைரவி சாயல் இருக்கிறது என்றார். மதப் பிரச்சாரம் செய்கிறேன் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். முருகனுக்கோ அல்லாவுக்கோ எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சங்கடம் வரும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பல்லவியை அந்தப் பாட்டியும் வாய்விட்டுப் பாடினார். அதுவரை என் நம்பிக்கை, ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையாக இருந்தது. இப்போது என்ன ஆனாலும் கூட இருப்பார் என்று நம்புகிறேன். பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் என் வாயில் வரும் சொல்லாக அதைத் தேடி எழுத வேண்டி வந்தபோதுதான் அது என்னுடையது ஆயிற்று. அதனால் உங்கள் பாட்டைப் பக்கத்தில் கஷ்டப்படுகிற ஒருவர் முன்னால் பாடிப் பாருங்கள். எந்த வரியில் உங்கள் குரல் இறங்குகிறதோ அந்த வரியை மாற்றுங்கள். ராகம் படிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுபோன ஒருவர், கீபோர்டு இசை சேர்த்து யூடியூபில் போட்டிருக்கிறார். வரிகள், மெட்டு, இசை எல்லாவற்றுக்கும் நேரே அவர் பெயர். கேட்டால், "தேவனுடைய பாட்டுதானே அக்கா, யார் எழுதினால் என்ன?" என்கிறார். அப்படியானால் அவர் பெயர் மட்டும் ஏன் அங்கே இருக்க வேண்டும்? எனக்குப் பணம் வேண்டாம். ஆனால் சேறு அள்ளின கையோடு எழுதிய வரிகளை, அந்த வெள்ளத்தையே பார்க்காத ஒருவர் தன்னுடையது என்று சொல்லும்போது வயிறு எரிகிறது.

பழைய கீர்த்தனைக்காரர்கள் கடைசிச் சரணத்தில் தங்கள் பெயரை முத்திரையாக வைத்தார்கள். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1864ல் காலமானவர், அவர் எழுதியவை இன்றும் அவர் பெயரிலேயே பாடப்படுகின்றன. தற்பெருமை என்று வீட்டில் சொன்னாலும் சொல்லட்டும், நீங்களும் உங்கள் பெயரையோ ஊரையோ கடைசிச் சரணத்தில் எதுகையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். எடுத்தால் தாளம் உடைகிற இடமாகப் பார்த்து வையுங்கள்.