புறம்போக்குல குடியிருக்குறவங்களுக்கு அரசு வீடு கிடைக்குமா?

கேள்வி: எங்க கிராமத்துல கொஞ்சம் குடும்பங்க பல வருஷமா புறம்போக்குல குடிசை போட்டு இருக்காங்க. வீட்டுத் திட்டத்துல கேட்டா பட்டா எங்கன்னு கேக்குறாங்க. நாங்க என்ன பண்ணணும், திட்டத்துல எது மாறணும் சார்?

பதில்: மொதல்ல வீட்டக் கேக்காதீங்க, மனையக் கேளுங்க. பிரதமர் வீடு திட்டம் ஆகட்டும், 2024-ல வந்த கலைஞரின் கனவு இல்லம் ஆகட்டும், ரெண்டுமே சொந்த இடத்துல கட்டிக்கிறவங்களுக்குப் போட்டது, அதனாலதான் ஒண்ணுமே இல்லாதவங்க வெளிய நிக்கிறாங்க. என்னைக் கேட்டா மாத்த வேண்டியதுல முதல் விஷயம் இதான், பட்டா வேலையும் வீட்டு வேலையும் ஒரே ஃபைல்ல போகணும், இப்ப பட்டா குடுக்குற வருவாய்த்துறை ஒரு பக்கம், வீட்டுத் திட்டத்தப் பாக்குற பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் ஒரு பக்கம்.

இப்போதைக்கு விஏஓ கிட்ட போயி அ-பதிவேட்டுல, அதாவது ஊர் நிலம் ஒவ்வொண்ணும் என்ன வகைன்னு எழுதி வச்சிருக்குற பதிவேட்டுல, அந்த சர்வே நம்பர் என்ன வகைன்னு பாருங்க. நத்தமோ (ஊர்க் குடியிருப்புக்குன்னு விட்ட இடம்), ஆட்சேபனை இல்லாத புறம்போக்கோன்னா (நீர்நிலை மாதிரி பொதுத் தேவைக்கு வேண்டாத இடம்) பட்டா கேக்கலாம். ஏரி, ஓடை, வாய்க்கால்னு இருந்தா அங்க அலையாதீங்க, கோர்ட்டே விடாது, மாத்து இடம் கேளுங்க. நிலமில்லாத பயனாளிக்கு இடம் தர்றது மாநில அரசு பொறுப்புன்னு பிரதமர் வீடு திட்ட வழிகாட்டுதல்லயே இருக்கு, அத மனுவுல எழுதுங்க. கிராம சபையில தீர்மானம் போட்டு, ஜமாபந்தியில (வருவாய்த்துறை வருஷா வருஷம் ஊர்க் கணக்கப் பாத்து மனு வாங்குற நாள்) குடும்பத்துக்கு ஒரு மனுவா குடுத்து ரசீது வாங்கிக்கங்க, மொத்தமா ஒரே மனு போட்டா ஒருத்தர் பேர்ல சிக்கல்னாலும் எல்லாருக்கும் வேலை நகராம நின்னுடும். மாத்து இடம்னு எங்கயாச்சும் தூரமா காட்டுனா உடனே தலையாட்டாதீங்க, சென்னைக்குள்ள இருந்தவங்கள நகருக்கு வெளிய இருக்குற பெரும்பாக்கத்துக்கு மாத்துனப்ப வீடு கிடைச்சுது, பக்கத்துல இருந்த வேலையும் பள்ளிக்கூடமும் போச்சு.

அடுத்தது காசு. பிரதமர் வீடு திட்டத்துல 2016-ல சமவெளியில ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம்னு வச்சாங்க, 2024-ல இன்னும் 2 கோடி வீடுன்னு நீட்டிச்சப்பவும் அதே 1.20 தான், கம்பி சிமெண்ட் விலை என்ன அங்கயே நிக்குதா? தமிழ்நாட்டுல கான்கிரீட் கூரைக்குன்னு மாநில அரசு தனியா சேத்துக் குடுக்குறதாலதான் ஓரளவு ஓடுது. விலைவாசியோட தொகை தானா ஏறணும், அஸ்திவாரத்துக்கு முன்பணம் கையில வரணும், இல்லன்னா மீட்டர் வட்டிதான். அதுவரைக்கும் பட்டா வராம கல்லு மண்ணு எறக்காதீங்க, பேரு சேக்குறேன்னு யாரு காசு கேட்டாலும் குடுக்காதீங்க.