படைவீரர் இல்லம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் கணவர் ராணுவத்தில் நாயக். திருமணமாகி மூன்று வருடம், ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். ராணுவப் பதிவில் என் பெயருக்குக் கணவர் இனிஷியல், ஆதாரில் அப்பா இனிஷியல். குழந்தையின் பெயரை இன்னும் சேர்க்கவே இல்லை. "அடுத்த லீவில் பார்த்துக்கலாம்" என்கிறார். பொறுக்கலாமா?
வாசகி, தென்காசி மாவட்டம்

பொறுக்க வேண்டாம். ராணுவத்தைப் பொறுத்தவரை, பார்ட் டூ ஆர்டரில் (வீரரின் குடும்ப விவரங்களைப் பதிய யூனிட் போடும் உத்தரவு) ஏறாத குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை! திருமணம், குழந்தை பிறப்பு, பெயர் மாற்றம் எதுவானாலும் யூனிட் அலுவலகம் பார்ட் டூ ஆர்டர் போட்டு, அது ரெக்கார்டு ஆபீசுக்குப் போய்ப் பதிவானால்தான் கணக்கு. அந்த ஆபீஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்றால் பெங்களூருவில் இருக்கிறது. குழந்தையின் கல்விப் படி, ராணுவ மருத்துவமனைக்கான சார்ந்தோர் அட்டை, பின்னாளில் குடும்ப பென்ஷன் எல்லாம் இந்த ஒரு பதிவைப் பார்த்துத்தான் நகரும். இதற்கு லீவு தேவையில்லை. சான்றிதழ்களை நீங்கள் இங்கிருந்து அனுப்பினால், அவர் அங்கே யூனிட் கிளார்க்கிடம் விண்ணப்பம் கொடுத்துவிடலாம்.

முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அம்மா வீட்டில் பிரசவம் பார்த்துவிட்டு, மருத்துவமனையில் சொன்னதை அப்படியே பதிந்திருப்பார்கள். பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். பதிவு செய்த ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். அதில் தாய், தந்தை பெயர்கள் ராணுவப் பதிவில் உள்ள எழுத்திலேயே இருக்கின்றனவா என்று ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஓர் 'எச்' கூடினாலும் திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்து உங்கள் பெயர். எல்லா ஆவணங்களையும் ஒரே நேரத்தில் மாற்றப் போகாதீர்கள். பள்ளிச் சான்றிதழ், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் அப்பா இனிஷியல்தான் என்றால், ராணுவப் பதிவை அதற்கு ஏற்ப மாற்றுவதே எளிது. பிரமாணப் பத்திரம், இரண்டு நாளிதழ்களில் அறிவிப்பு (ஒன்று ஆங்கிலம், ஒன்று தமிழ்), சான்று ஆவணங்களின் நகல்கள் ஆகியவற்றை வைத்து அவர் யூனிட்டில் விண்ணப்பிக்க வேண்டும். எந்தெந்த நகல் வேண்டும் என்பதை முன்பே கிளார்க்கிடம் கேட்டுக்கொள்ளட்டும். ராணுவத்தில் உள்ளதுதான் சரி என்றால் ஆதாரை மட்டும் திருத்தினால் போதும். வடநாட்டு கிளார்க்குகளுக்கு நம் இனிஷியல் பழக்கம் புரிவதில்லை. இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுதிவிட்டால் தொல்லை பாதி தீர்ந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். படையில் சேரும்போது திருமணமாகாதவர்கள் ராணுவக் குழுக் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி இரண்டுக்கும் அம்மாவைத்தான் நாமினியாக எழுதியிருப்பார்கள். திருமணத்துக்குப் பிறகு அது தானாக மாறாது. குடும்ப பென்ஷன் விதிப்படி மனைவிக்குத்தான் முதலில் வரும், அதற்கும் நாமினிக்கும் சம்பந்தமில்லை. காப்பீட்டுப் பணம் அப்படியில்லை. மாமியாரின் பெயரை எடுத்தாக வேண்டும் என்றில்லை, சதவீதம் போட்டு இருவருக்கும் எழுதலாம். இந்தப் பேச்சை மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டு உங்கள் கணவரே எடுப்பதுதான் மரியாதை.

என் மகன் லடாக்கில் இருக்கிறான். பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டுப் பங்காளி வழக்குப் போட்டு, அவன் பெயருக்குச் சம்மன் வந்திருக்கிறது. இப்போது லீவு கிடையாதாம். எக்ஸ்பார்ட்டி (ஆஜராகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு) ஆகிவிடுமா?
வாசகர், வேலூர் மாவட்டம்

சும்மா இருந்தால் ஆகிவிடும். ஆகாமல் தடுக்க 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்காடல் சட்டம் இருக்கிறது. போர்ச் சூழலிலோ, அரசு அறிவித்த சிறப்புச் சூழலிலோ பணியாற்றுபவர் ஆஜராக முடியவில்லை என்று உரிய சான்று வந்தால், நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவைக்கலாம். சம்மனின் இரு பக்கங்களையும் படமெடுத்து இன்றே மகனுக்கு அனுப்புங்கள். வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், வாய்தா தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். அவர் கமாண்டிங் ஆபீசர் வழியாகச் சான்று பெறட்டும். நீங்கள் இங்கே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் மனு கொடுங்கள். கலெக்டரே நீதிமன்றத்துக்கு எழுதவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

அவசரத்தில் பலர் செய்யும் தவறு, யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்து ஆஜராக வைப்பது. மகன் சார்பில் ஆள் வந்துவிட்டால், 'ஆஜராக ஆளில்லை' என்ற அடிப்படையில் கிடைக்கும் நிறுத்திவைப்பு கைநழுவும். அண்ணன் தம்பிகளும் பிரதிவாதிகளாக இருந்து, எல்லோருடைய நலனும் ஒன்றே என்றால், தள்ளிவைக்கவே நீதிமன்றம் மறுக்கலாம். ஆகவே வக்கீலைப் பார்த்த பிறகே வக்காலத்தில் கையெழுத்து.

லீவு கிடைத்ததும் ராணுவச் சட்டம் 1950, பிரிவு 32ஐப் பயன்படுத்துங்கள். வழக்கு நடத்தத்தான் லீவு தரப்பட்டது என்று அதிகாரியின் சான்றோடு மனுப் போட்டால், முடிந்தவரை அந்த லீவுக்குள் விசாரித்து முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தப் பிரிவைக் கேள்விப்படாத வக்கீல்களும் உண்டு. எண்ணை எழுதியே கொண்டு போங்கள்.

லீவு முடிந்து போனவர் பத்து நாளாகியும் தன் காவல் போஸ்ட்டுக்குப் போகவில்லை. லடாக்கில் லே நகரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்கிறாரோ?
வாசகி, திருநெல்வேலி

பயப்பட வேண்டாம், அது முறைப்படி நடப்பதுதான். லே ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், 15,000 அடி வரை 4 நாள், அதற்கு மேல் இன்னொரு 4 நாள் என்று உடம்பைப் பழக்கித்தான் மேலே ஏற்றுவார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு மெதுவான நடை, அதன் பிறகே சிறிய ஏற்றம். நான்கு வாரத்துக்கு மேல் கீழே இருந்துவிட்டுத் திரும்பினால் முழுதும் முதலிலிருந்து. அவசரப்பட்டு ஏறியவருக்கு நுரையீரலில் நீர் கோத்து, இரவோடு இரவாக உயிருக்கே ஆபத்தாகும். எத்தனை பலசாலியும் இதற்கு விலக்கில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. புறப்படும் வாரத்தில் சளி, இருமல் இருந்தால் போய்ச் சேர்ந்ததும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். புறப்படவே முடியாத காய்ச்சல் என்றால், லீவு முடிவதற்கு முன்பே யூனிட்டுக்குத் தகவல் சொல்லி, அருகிலுள்ள ராணுவ மருத்துவமனையில் காட்ட வேண்டும். தெரு முனை கிளினிக்கில் வாங்கிய சீட்டை மட்டும் நம்பித் தங்கினால் அனுமதியின்றி வராதவர் என்றாகிவிடும்.

56 ஏபிஓ (ராணுவ அஞ்சலகம்) முகவரிக்கு கூரியர் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?
வாசகர், தேனி

தனியார் கூரியர் அங்கே போகாது. அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்ட்டாகக் கொடுங்கள். படை எண், பதவி, பெயர், யூனிட், 'மே/பா 56 ஏபிஓ', 9இல் தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு, இவ்வளவுதான் எழுத வேண்டும். ஊர், மாநிலம் எதையும் சேர்க்காதீர்கள். யூனிட் இடம் மாறினாலும் தபால் பின்னாலேயே போய்விடும்.