தர்மபுரியில் வீட்டை விற்கும் முன் ஆள் வைத்து அலங்கரித்தால் நல்ல விலை கிடைக்குமா?

கேள்வி: தர்மபுரி டவுனில் அப்பா கட்டிய வீட்டை விற்கப் போகிறோம். பெங்களூரில் இருக்கும் தம்பி, ‘ஹோம் ஸ்டேஜிங்’ செய்கிற ஆட்களை வரவழைத்து, வாடகைக்கு சோபா, கட்டில், விளக்கு எல்லாம் போட்டுக் காட்டினால் விலை ஏறும் என்கிறான். செய்யலாமா?

பதில்:

வீட்டைத் தயார் செய்த பிறகுதான் ஆட்களுக்குக் காட்ட வேண்டும். அந்த வரைக்கும் உங்கள் தம்பி சொல்வது சரி. ஆனால் தர்மபுரி டவுனில் ஒரு தனி வீட்டுக்கு வாடகை சோபா தேவையில்லை. அந்தப் பணத்தை, பழைய சாமான்களைக் காலி செய்வதற்கும், வீட்டைக் கழுவுவதற்கும், கசிவை அடைப்பதற்கும் போடுங்கள். கிருஷ்ணகிரியில் எங்கள் அக்கா வீட்டை விற்றபோது கடைசி வரை கூட நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

இந்த ஹோம் ஸ்டேஜிங் தொழில் அமெரிக்காவில் பிறந்தது. 1972-ல் சியாட்டில் பக்கம் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். அதன் அடிப்படை எளிது. இருப்பவரின் அடையாளங்களை எடுத்துவிட வேண்டும். வந்து பார்ப்பவர் தன் குடும்பத்தை அந்த அறைகளில் வைத்துப் பார்க்கும்படி இடம் விட வேண்டும். இது நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் இங்கே வாங்குகிறவர், மனை எத்தனை சதுர அடி, ரோடு எத்தனை அடி, வாசல் எந்தத் திசை, போர் எத்தனை அடி என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார். அதற்குப் பிறகு உள்ளே சோபா இருந்தாலும் அது உங்களுடையது என்றுதான் நினைப்பாரே தவிர, அதற்காக விலை ஏற்ற மாட்டார்.

இன்னொரு காரணம் வங்கி. வாங்குகிறவர் பெரும்பாலும் ஹவுசிங் லோன் போடுவார். வங்கி அனுப்பும் இன்ஜினியர் மனைக்கு ஒரு மதிப்பு போடுவார், கட்டடத்துக்கு வயதைப் பார்த்துத் தேய்மானம் கழித்து ஒரு மதிப்பு போடுவார். அலங்காரம் அவர் கணக்கில் வராது. அவர் போடும் மதிப்பில் 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் என்பதுதான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. அலங்காரத்தைக் காட்டி நீங்கள் ஏற்றும் தொகை முழுவதும் வாங்குகிறவர் கைக்காசிலிருந்து வர வேண்டும். போதாததற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று பத்திரச் செலவும் அவர் தலையில்தான் விழுகிறது.

அப்படியானால் தயார் செய்வதால் என்ன லாபம்? வீடு சீக்கிரம் போகும், அடித்துப் பேச இடம் இருக்காது. கண்ணில் படும் ஒவ்வொரு குறையையும் புரோக்கர் விலைக் குறைப்பாக மாற்றிவிடுவார். சுவரில் ஒரு ஈரத் திட்டு இருந்தால் போதும், ‘மாடி முழுக்க உடைச்சுப் போடணும்’ என்று பேச்சு கிளம்பும். அதைச் சரிசெய்ய உங்களுக்கு ஆகும் செலவு, அவர் குறைக்கச் சொல்லும் தொகையின் பக்கத்தில்கூட வராது.

எங்கள் அக்கா வீட்டில் முதலில் பார்த்தது தண்ணீர்க் கறையைத்தான். நம் இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். குழாய் முனையில் வெள்ளையாகக் கட்டி நிற்கும், பாத்ரூம் டைல்ஸ் இடுப்பு உயரம் வரை மங்கிப்போயிருக்கும். ஆசிட் ஊற்ற ஆள் வந்தான், வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். அது டைல்ஸ் இடுக்கில் இருக்கும் பூச்சை அரித்துவிடும், குழாயின் பளபளப்பும் போய்விடும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் உப்பு உதிர்ந்து வந்துவிடும். சமையல் மேடை கிரானைட்டில் மட்டும் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பரண். ராகி மூட்டை, புளிப் பானை, உடைந்த ஃபேன், பழைய பாடப் புத்தகம் என்று முப்பது வருஷத்துச் சாமான் அங்கே இருக்கும். அத்தனையும் இறங்கிய பிறகு அந்தச் சமையலறையின் ஜன்னல் எவ்வளவு பெரியது என்று எங்களுக்கே தெரிந்தது. பச்சை, ஊதா சுவர்களுக்கு வெளிர் நிறம் அடித்து, மங்கலான பல்புகளை மாற்றினோம். ஹாலில் மாலை போட்ட படங்கள் இருந்தால் மரியாதையாக உங்கள் வீட்டுப் பூஜை அறைக்கு மாற்றிவிடுங்கள். உங்களுக்கு அது அப்பா. வருகிறவர்கள் மனதில், இந்த வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விதான் முதலில் எழும். இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் செய்யுங்கள்.

பார்க்க வந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளை மாடியைப் பார்க்கப் போய்விட்டார். அவருடைய அம்மா நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார், உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “இது போர் தண்ணிங்களா, ஒகேனக்கல் தண்ணிங்களா? எத்தனை நாளைக்கு ஒருக்கா விடறாங்க?” என்று கேட்டார். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் நமக்கு 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லில் கறை விழுந்த பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது, அந்த அம்மா கேட்காமல் இருப்பாரா? அக்கா சம்ப் மூடியைத் திறந்து காட்டி, எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்து காபி குடித்தார். உங்கள் வீட்டில் சம்ப்பையும் மேல் தொட்டியையும் கழுவி வையுங்கள்.

கசிவை அடைக்காமல் மேலே பெயின்ட் மட்டும் அடிக்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்த மழையில் வெளியே வந்துவிடும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறைகளை விற்பவர் வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவே இருக்கிறது. தன் சேமிப்பு மொத்தத்தையும் கொட்டி வாங்குகிற ஒரு குடும்பத்தை ஏமாற்றுவதற்குப் பெயர் அலங்காரம் இல்லை.

உங்கள் தம்பி சொல்வது எடுபடக்கூடிய இடம் ஓசூர். பெங்களூர் எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் பெங்களூரில் வேலை பார்ப்பவர்களும் ஓசூரில் ஃபிளாட் தேடுகிறார்கள். அவர்கள் போனில் படம் பார்த்துப் பிடித்தால்தான் நேரில் வருவார்கள். ஒரே மாதிரி இருக்கும் பல ஃபிளாட்டுகளில் காலியாகக் கிடக்கும் ஒன்றை விற்க வேண்டுமென்றால், ஒரு கட்டிலும் ஒரு சாப்பாட்டு மேஜையும் போட்டுக் காட்டினால் அறையின் அளவு புரியும். அங்கேகூட ஹாலுக்கும் ஒரு படுக்கையறைக்கும் மட்டும் போட்டால் போதும்.

உங்கள் வீட்டுக்குப் படம் எடுப்பதென்றால் காலை வெயில் உள்ளே விழும் நேரத்தில், ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து எடுங்கள். முதல் படமாக வாசலோடு ரோட்டின் அகலம் தெரியும் படத்தைப் போடுங்கள், இரண்டாவதாகச் சமையலறை. மூலப்பத்திரம், பட்டா, பிளான் அப்ரூவல், புதிதாக எடுத்த வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாவற்றின் நகலையும் ஒரு ஃபைலில் போட்டு ஹாலிலேயே வையுங்கள். கேட்டவுடன் எடுத்து நீட்ட வேண்டும்.