கரையும் நுனியைப் பிடித்துக்கொள்வது எப்படி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழை, குரோமோசோமில் உள்ள புரத அமைப்பான கைனெட்டோகோருடன் இணைகிறது என்று ஒரே வரியில் பாடப்புத்தகம் முடித்துவிடுகிறது. ஆனால் குரோமோசோம்கள் இரு பக்கமாகப் பிரிந்து போகும் அனாபேஸ் கட்டத்தில் அந்த இழையின் நுனியே கரைந்துகொண்டு போகிறதாம். கரைகிற நுனியில் குரோமோசோம் எப்படித் தொங்கிக்கொண்டிருக்கிறது? அங்கே இருப்பது கொக்கியா, பசையா?

ச.

அன்புள்ள ச.,

இரண்டுமே இல்லை. ‘இணைகிறது’ என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. அங்கே நடப்பது, பல கைகள் மாறி மாறிப் பற்றுவதும் விடுவதும்.

கதிர்கோல் இழை என்பது நுண்குழல்களால் ஆனது. ஒரு நுண்குழல் சுமார் 25 நானோமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற குழல். பெரும்பாலும் டியூபுலின் என்ற புரதத்தாலான 13 சரங்கள் பக்கம் பக்கமாக ஒட்டி அது உருவாகிறது. அதைப் பற்றும் முக்கியமான கை, என்டிசி80 கூட்டுப்புரதம். நான்கு புரதங்கள் சேர்ந்த, 57 நானோமீட்டர் நீளக் கம்பி அது. ஒரு முனை குரோமோசோம் பக்கம் ஊன்றியிருக்கும், மறுமுனையின் தலை குழலின் சுவரைத் தொடும். ஒரு கம்பியின் பிடி மிகப் பலவீனமானது, சட்டென்று நழுவிவிடும். ஒரு குழலைச் சுற்றி இப்படிப் பல கம்பிகள் இருப்பதால், ஒன்று விடும்போது மற்றவை பிடித்திருக்கும். நழுவியது கரையாத பகுதியில் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ஈஸ்டில் கூடுதலாக ஓர் ஏற்பாடு உண்டு. டாம்1 என்ற புரதக்கூட்டுகள் சேர்ந்து குழலைச் சுற்றி வளையல் மாட்டியதுபோல நிற்கும். குழல் கரையும்போது அதன் சரங்கள் வாழைப்பழத் தோல் உரிவதுபோல வெளிப்பக்கம் வளையும். அந்த வளைவே வளையலைத் தள்ளிக்கொண்டு போகிறது. அதாவது இழுவிசை தருவதே அந்தக் கரைதல்தான்! மனிதச் செல்லில் டாம்1 கிடையாது, ஏறக்குறைய அதே வேலையை ஸ்கா கூட்டுப்புரதம் பார்க்கிறது.

பிடி ஏன் இவ்வளவு தளர்வு? தவறாகப் பிடித்தால் விட்டுவிட வேண்டுமே, அதற்காகத்தான். இரட்டித்த குரோமோசோமின் சகோதரக் கைனெட்டோகோர்கள் இரண்டும் கதிர்கோலின் ஒரே துருவத்திலிருந்து வரும் குழல்களைப் பற்றினால் எதிர் இழுப்பு இருக்காது, இழுவிசை உண்டாகாது. அப்போது அரோரா பி என்ற நொதி என்டிசி80-இன் நுனிவாலில் பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. வால் நேர்மின்னூட்டம் கொண்டது, டியூபுலின் எதிர்மின்னூட்டம். பாஸ்பேட்டும் எதிர்மின்னூட்டம் என்பதால், அது ஏற ஏற ஈர்ப்பு குறைந்து பிடி கழன்றுவிடும். சரியான பிடியை இழுவிசை காப்பாற்றுகிறது. வெட்டுக்கிளியின் விந்துத் தாய்செல்லில் குரோமோசோமை நுண்ணூசியால் இழுத்து 1969-லேயே புரூஸ் நிக்லஸ் குழு இதைக் காட்டிவிட்டது.

உண்மையான தொல்லை இன்னொரு வகைப் பிழையில் இருக்கிறது: ஒரே கைனெட்டோகோர் இரு துருவங்களின் குழல்களையும் பற்றிக்கொள்வது. இழுவிசையும் இருக்கும், குழலும் மாட்டியிருக்கும். குழல் மாட்டாத வெற்றுக் கைனெட்டோகோர் இருந்தால் அனாபேஸைத் தடுத்துவைக்கும் செல்லின் சோதனைச்சாவடிக்கு இது கண்ணில் படாது. அனாபேஸில் குரோமோசோம் நடுவிலேயே பின்தங்கும்.

ஆய்வகத்தில் பிடியைச் சோதிக்க எளிய வழி குளிர். செல்களைப் பத்து நிமிடம் பனிக்கட்டிக் குளிரில் வைத்து உடனே வேதிப்பொருளால் அப்படியே நிலைநிறுத்தினால், தளர்ந்த குழல்கள் கரைந்துபோய், கைனெட்டோகோர் பிடித்தவை மட்டும் தெரியும். நேரத்தை நீட்டினால் அவையும் கரைந்துவிடும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பாஸ்பேட் ஏறவே முடியாதபடி வால் மாற்றப்பட்ட செல்லில் இழைகள் குளிரிலும் தடிமனாக, அழகாகத் தெரியும். அதே செல்லை அனாபேஸில் பாருங்கள், தவறான பிடியை விட முடியாததால் பின்தங்கிய குரோமோசோம்கள் கிடக்கும்.